பக்கவாதம்: சொல்லும் பொருளும்

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ் மக்கள், அந்தந்த நாட்டு மொழியைப் பெரும்பாலும் கடைத்தெருவிலேதான் கற்றுக்கொள்கின்றனர். உப்பு, புளி, அரிசி, பால் ஆகியவற்றின் பெயர்கள் ஒரு திங்களுக்குள் நாவில் படிந்துவிடுகின்றன. வாடகை, ரசீது, ரயில் சீட்டு முதலியவற்றைக் குறிக்கும் சொற்கள் ஓராண்டுக்குள் வந்துவிடுகின்றன. நோய்களின் பெயர்கள் மட்டும் நெடுங்காலம் வருவதில்லை. நோய் வந்த பொழுதுதான் அந்தச் சொல்லை நாம் தேடுகிறோம். அந்த வேளையோ, சொல்லைத் தேடுவதற்கு ஏற்ற வேளை அன்று.

அவ்வாறு தேட நேரும் சொற்களுள் 'பக்கவாதம்' தலையாயது. இந்நோய் பெரும்பாலும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. காலையில் எழுந்து காப்பி அருந்திய முதியவர், சிறிது நேரத்திற்கெல்லாம் வலக்கையைத் தூக்க இயலாமல், வாய் கோணி, நாக்குழறி அமர்ந்திருப்பார். அவரைச் சூழ்ந்து நிற்கும் உறவினர் தமிழில் ஒரு பெயர் சொல்வர். அண்டை வீட்டார் இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ வேறொரு பெயர் சொல்வர். மருத்துவர் ஆங்கிலத்தில் மூன்றாவதாக ஒன்று சொல்வார். இம்மூன்றும் ஒரே நோயின் பெயர்கள்தாமா? ஆயின், அவை ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன? அவற்றுள் எது நோயின் உண்மையை உணர்த்துவது? இவ்வினாக்களைச் சிறிது ஆராய்வோம். இஃது அகராதி ஆராய்ச்சியாகத் தோன்றினும், அகராதியோடு நின்றுவிடுவது அன்று. ஒரு சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வதால் ஓர் உயிர் பிழைக்கும் இடமும் உண்டு.

முதலில் நம் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பக்கவாதம் என்பதில் பக்கம், வாதம் என இரு பகுதிகள் உள்ளன. பக்கம் என்பது உடலின் ஒரு பாதியைக் குறிக்கின்றது. இச்சொல் வடமொழிப் 'பக்ஷ'த்தினின்று வந்தது என்பர் ஒரு சாரார். 'பகு' என்னும் வினையடியாகப் பிறந்த தமிழ்ச்சொல்லே என்பர் மற்றொரு சாரார். அவ்வழக்கைத் தீர்ப்பது இங்கு நம் நோக்கம் அன்று. வடமொழியில் பக்ஷம் என்னும் சொல்லுக்குச் சிறகு என்பதும் ஒரு பொருள். பக்கம் என்பதும் ஒரு பொருள். திங்களின் பாதி என்பதும் ஒரு பொருள். வளர்பிறையைச் சுக்கில பக்ஷம் என்றும் தேய்பிறையைக் கிருஷ்ண பக்ஷம் என்றும் பஞ்சாங்கம் கூறுவதை நாம் அறிவோம். இரண்டாக அமைந்த ஒன்றில் ஒரு பாதி என்பதே இப்பொருள்கள் அனைத்திற்கும் அடிப்படை. இரு சிறகுகளில் ஒன்று செயலற்றுப்போன பறவையை எண்ணிப் பார்த்தால், இந்நோய்க்கு இச்சொல் பொருந்தும் வகை எளிதில் விளங்கும்.

அடுத்த பகுதியாகிய வாதம் சிறிது சிக்கல் உடையது. தமிழ் எழுத்தில் வல்லினத்திற்கு ஒரே வரிவடிவம் உள்ளமையால், வடமொழியில் வெவ்வேறாக ஒலிக்கும் இரு சொற்கள் நம் ஏட்டில் ஒன்றாகிவிட்டன. ஒன்று, காற்று என்னும் பொருள் உடைய 'வாத'. மற்றொன்று, சொல்லாடல், தர்க்கம் என்னும் பொருள் உடைய 'வாத'. முன்னதில் தகரம் வல்லொலியாகவும் பின்னதில் மெல்லொலியாகவும் ஒலிக்கும். வழக்கு மன்றத்தில் வாதி, பிரதிவாதி நிகழ்த்தும் வாதமும், உலோகங்களைப் பொன்னாக்கும் கலை எனக் கருதப்பட்ட ரசவாதமும் பின்னதைச் சேர்ந்தவை. நோயைக் குறிக்கும் வாதமோ முன்னதைச் சேர்ந்தது. வட மாநிலங்களில் பள்ளியிற் பயிலும் நம் பிள்ளைகள் இச்சொல்லைத் தேவநாகரியில் எழுத நேர்ந்தால், இவ்வேறுபாட்டை அவர்களுக்கு எடுத்துக் கூறுதல் வேண்டும். அன்றேல் நோய் வழக்காகிவிடும்.

காற்று என்னும் பொருள் உடைய வாதமும், வாயு என்னும் சொல்லும் 'வீசுதல்' எனப் பொருள்படும் 'வா' என்னும் ஒரே வேரிற் பிறந்தவை. இலத்தீன் மொழியின் 'வென்டுஸ்', ஆங்கிலத்தின் 'விண்ட்' ஆகிய சொற்களும் இவற்றிற்கு உறவுடையவை என்று மொழிநூலார் காட்டியுள்ளனர். தமிழில் இதற்கு வளி என்னும் பழஞ்சொல் உண்டு. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், நோய்க்குக் காரணமான மூன்றினை எண்ணும்பொழுது வளியையே முதலில் வைக்கின்றது. தமிழ் வீடுகளில் முதியோர் சொல்லும் 'பாரிசவாயு' என்னும் பெயரும் இவ்வழியில் அமைந்ததே. வடமொழிப் 'பார்சுவம்', அதாவது விலாப்புறம், தமிழில் பாரிசம் ஆயிற்று. கன்னட மக்கள் இன்றும் இந்நோயைப் 'பார்சுவவாயு' என்றே வழங்குகின்றனர். பெங்களூரில் வாழும் தமிழர்க்கு இச்சொல் அயலாகத் தோன்றாது.

கை கால் அசையாமற் போவதற்கும் காற்றுக்கும் என்ன தொடர்பு? இதனைப் பழையோரின் பேதைமை என்று தள்ளிவிடுதல் முறை அன்று. ஆயுர்வேதம், சித்த மருத்துவம் ஆகிய இரண்டும் உடலின் இயக்கம் அனைத்தையும் வாதத்தின் செயலாகக் கொண்டன. மூச்சு உள்ளும் புறமும் சென்று வருதல், கண் இமைத்தல், கை நீட்டல், கால் நடத்தல், நா பேசுதல் ஆகிய யாவும் வாதத்தால் நிகழ்வன என்பது அவர்கள் கொள்கை. கண்ணுக்குத் தெரியாமல் பிறவற்றை அசைக்கவல்ல பொருள் காற்று ஒன்றே அன்றோ? ஆதலின், அசைவு கெட்டால் அசைப்பது கெட்டது என்று அவர்கள் முடிவு கட்டினர். சரக சங்கிதை வாத நோய்கள் 80 என்று எண்ணுகின்றது. அந்நூலின் சிகிச்சைப் பகுதியில் 28ஆம் அத்தியாயம் முழுவதும் இந்நோய்களைப் பற்றியதே. சுசுருத சங்கிதையின் நிதானப் பகுதி வாத நோய்களைக் கொண்டே தொடங்குகின்றது. சித்தர் மரபில் யூகி வைத்திய சிந்தாமணியும் வாத நோய்கள் 80 என்றே வகுத்துள்ளது.

கிரேக்கரும் இதற்கு மிகத் தொலைவில் இருக்கவில்லை. நரம்புகளின் வழியாக 'நியூமா' என்னும் நுண்ணிய மூச்சு ஓடி உறுப்புகளை இயக்குகின்றது என்று அவர்தம் மருத்துவர் கருதினர். நரம்பில் ஓடுவது காற்று அன்று, மின்னியல்பு உடைய ஒன்று என்னும் எண்ணத்திற்கு வித்திட்டது, இத்தாலி நாட்டுக் கால்வானி தவளையின் கால்களைக் கொண்டு செய்து 1791ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியே. எனவே, இயக்கத்தை ஏந்திச் செல்லும் ஒன்று உடலில் உண்டு என்பதில் பழையோர் தவறவில்லை. அதன் இயல்பைக் காற்று எனக் கொண்டதுதான் பின்னர் மாறியது.

இனி, வடமொழியிலேயே இந்நோய்க்கு வழங்கும் மற்றொரு பெயரைக் காண்போம். அது 'பக்ஷாகாதம்' என்பது. பக்ஷம், ஆகாதம் என்பவற்றின் சேர்க்கை இது. ஆகாதம் என்றால் அடி, தாக்குதல். இங்கே காற்று மறைந்து, அடி வந்து நிற்கின்றது. வங்காளியிலும் ஒரியாவிலும் இதுவே பெரு வழக்கு. இந்தியில் ஏட்டு வழக்காகவும் அரசாங்க வழக்காகவும் உள்ளது இச்சொல்லே. மலையாளிகள் பக்ஷாகாதம் என்றும் 'தளர்வாதம்' என்றும் கூறுவர். தெலுங்கர் நம்மைப் போலவே 'பக்ஷவாதம்' என்பர். மராத்தியில் 'அர்தாங்கவாயு' என்பது நன்கு வழங்குகின்றது. அர்த அங்கம், அதாவது பாதி உடல் என்பது அதன் பொருள். பஞ்சாபியில் 'அதரங்' என்பர். அதுவும் பாதி உடலையே சுட்டுவது.

அடி என்னும் இக்கருத்து நம் நாட்டிற்கு மட்டும் உரியது அன்று. உடலின் ஒரு பாதி செயலற்றுப் போவதை ஆங்கில மருத்துவர் 'ஹெமிப்ளீஜியா' என்பர். கிரேக்க மொழியில் 'ஹெமி' என்றால் பாதி. 'ப்ளீஜி' என்றால் அடி. பக்ஷாகாதத்தை ஒருவர் சொல்லுக்குச் சொல் கிரேக்கத்தில் பெயர்த்தார் என்றே தோன்றும். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினார் என்று கொள்ள வேண்டிய தேவை இல்லை. நன்றாக இருந்த ஒருவர் நொடிப்பொழுதில் கீழே சாய்வதைக் காணும் எவருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கை அவரை அடித்தது என்றே தோன்றும். பழைய கிரேக்கர் இந்நிலையை 'அப்போப்ளெக்சியா' என்றனர். அடித்து வீழ்த்தப்பட்ட நிலை என்பது அதன் கருத்து. ஆங்கிலத்தில் இன்று வழங்கும் 'ஸ்ட்ரோக்' என்பதும் அடி என்னும் எளிய சொல்லே.

பேச்சு வழக்குகளும் இதற்குச் சான்று. இந்தி பேசுவோர் 'லக்வா மார் கயா' என்பர். லக்வா அடித்துவிட்டது என்பது கருத்து. உருது வழக்கில் 'ஃபாலிஜ் கிர்னா' என்பர். அங்கே நோய் மேலிருந்து மனிதன்மீது விழுகின்றது. நம் ஊர்களில் 'ஒரு பக்கம் விழுந்துவிட்டது' என்பர். இங்கே விழுவது நோய் அன்று, உறுப்பு. 'கை கால் இழுத்துக்கொண்டது' என்றும் சொல்வது உண்டு. சொல் வேறாயினும் திகைப்பு ஒன்றே.

லக்வா, ஃபாலிஜ் ஆகிய இரு சொற்களும் அரபு மொழியினின்று யூனானி மருத்துவத்தின் வாயிலாக வட இந்தியாவில் பரவியவை. ஃபாலிஜ் என்பது 'இரண்டாகப் பிளத்தல்' என்னும் பொருள் உடைய வேரிற் பிறந்தது. உடல் நெடுக்காக இரு கூறாகப் பிளந்து, ஒரு கூறு மட்டும் உணர்வோடு எஞ்சியது போன்ற நிலையை அச்சொல் தீட்டிக் காட்டுகின்றது. லக்வா என்பதற்கு மருத்துவ நூல்களில் முகம் ஒருபுறம் கோணுதல் என்பதே பொருள். கி.பி. 1037இல் மறைந்த இப்னு சீனா தம் பெருநூலில் இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்ந்துள்ளார். நம் ஆயுர்வேத நூல்களும் பக்ஷாகாதத்தையும், முகவாதமாகிய 'அர்தித'த்தையும் வேறு பிரித்தே கூறுகின்றன. ஆனால் இன்றைய இந்தி, குஜராத்தி பேச்சு வழக்குகளில் இவ்வேறுபாடு தேய்ந்து, உடலின் எப்பகுதி செயலிழந்தாலும் லக்வா என்றே சொல்லிவிடுகின்றனர். டில்லியிலோ அகமதாபாதிலோ ஒருவர் 'லக்வா' என்றால், முகம் மட்டுமா, கை காலுமா என்று மீண்டும் ஒருமுறை கேட்டுத் தெளிதல் நலம்.

எஞ்சியிருப்பது 'பாரலிசிஸ்' என்னும் சொல். இதுவும் கிரேக்கமே. 'பாரா' என்றால் அருகு, பக்கம். 'லூசிஸ்' என்றால் தளர்த்துதல், அவிழ்த்தல். கட்டு அவிழ்ந்த மூட்டைபோல் உடலின் ஒரு பக்கம் தளர்ந்து கிடத்தலை இச்சொல் உணர்த்துகின்றது. பகுத்தாராய்தலைக் குறிக்கும் 'அனாலிசிஸ்' என்னும் சொல்லிலும் இதே 'லூசிஸ்' உள்ளது. முடிச்சுகளை அவிழ்த்துப் பார்ப்பதே ஆராய்ச்சி அன்றோ? 'பாரலிசிஸ்' பிரெஞ்சு நாட்டவர் வாயிற் பட்டுத் தேய்ந்து, ஆங்கிலத்தில் 'பால்சி' ஆயிற்று. 1817இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் மருத்துவர், கை நடுங்கும் நோய் ஒன்றை 'நடுங்கும் பால்சி' என்று பெயரிட்டு விளக்கினார். அதனையே தமிழில் நடுக்குவாதம் என்கிறோம். இந்தியில் 'கம்பவாத்' என்கின்றனர். ஆங்கிலேயர் தளர்ச்சி என்ற இடத்தில் நாம் காற்று என்கிறோம், அவ்வளவே வேறுபாடு.

ஆக, நாம் கண்ட பெயர்கள் அனைத்தும் நான்கு கருத்துகளுள் அடங்குகின்றன: காற்று, அடி, பாதி, தளர்ச்சி. பாதி என்பதும் தளர்ச்சி என்பதும் கண்ணால் கண்டதைக் கூறுகின்றன. அடி என்பது நோய் வந்த விரைவைக் கூறுகின்றது. காற்று என்பது மட்டுமே காரணத்தைக் கூற முற்படுகின்றது. இந்நான்கில் ஒன்றேனும் நோய் இருக்கும் இடத்தைக் கூறவில்லை. அவ்விடம் தலையினுள் இருக்கும் மூளை.

நோயுற்ற உறுப்பு கை என்றும் கால் என்றும் பார்ப்போர் கருதுகின்றனர். உண்மையில் கையும் காலும் நோயற்றவை. அவற்றிற்கு ஆணை அனுப்பும் மூளையின் ஒரு பகுதிதான் நோயுற்றது. 1658ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் யோகான் யாக்கோப் வெப்ஃபர், இவ்வாறு திடீரெனச் சாய்ந்து இறந்தோரின் உடல்களை அறுத்துப் பார்த்து, மூளையில் குருதி கசிந்திருந்ததைக் கண்டு எழுதினார். மூளையின் இடப்பாதி கெட்டால் உடலின் வலப்பக்கம் செயலிழப்பதை, அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கப்படோசியா நாட்டு அரித்தேயஸ் என்னும் மருத்துவர் குறித்திருந்தார். இதற்குக் காரணம், மூளையினின்று இறங்கும் நரம்பிழைகள் முகுளத்தில் ஒன்றையொன்று கடந்து எதிர்ப்பக்கம் செல்வதே. அதனை 1709இல் இத்தாலி நாட்டு மிஸ்திக்கெல்லியும், 1710இல் பிரெஞ்சு நாட்டுப் புர்ஃபூர் து பெத்தியும் விளக்கிக் காட்டினர்.

இன்று நாம் அறிந்துள்ளபடி, மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய் ஒன்றில் அடைப்பு ஏற்படுவதாலோ, குழாய் வெடித்துக் குருதி கசிவதாலோ இந்நிலை உண்டாகின்றது. பெரும்பாலோர்க்கு நேர்வது அடைப்பே. உயர்ந்த இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை ஆகியவை இதற்கு வழி கோலுவன. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது நெடுங்காலம் குருதிச் சுற்றோட்ட நோய்களோடு வைக்கப்பட்டிருந்தது. 2019இல் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில்தான் நரம்பு மண்டல நோய்களின் வரிசைக்கு மாற்றப்பட்டது. பெயர் வைப்பதில் தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியது அன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இனி, சொல்லால் விளையும் தீங்கிற்கு வருவோம். தமிழ் வீடுகளில் 'வாதம்' என்னும் ஒரு சொல் பல நோய்களுக்குப் பொதுவாக வழங்குகின்றது. மூட்டு வீங்கி வலித்தால் அது முடக்குவாதம் அல்லது கீல்வாதம். முதுகில் பிடித்தால் வாயுப்பிடிப்பு. வயிறு உப்பினால் அதுவும் வாயு. கை கால் விழுந்தால் பக்கவாதம். இந்தியிலும் நிலை ஏறக்குறைய இதுவே. 'ஆமவாத்', 'சந்திவாத்' என்பன அங்கே மூட்டு நோய்கள். எனவே, வேற்று மாநிலத்து மருத்துவமனையில் நம் முதியவரைக் கொண்டு சேர்த்து, 'வாதம்' என்று மட்டும் சொன்னால், கேட்பவர் அதனை மூட்டுவலி என்று எண்ணிவிடக்கூடும்.

அதனினும் பெரிய தீங்கு வீட்டிலேயே நிகழ்கின்றது. காற்று என்னும் எண்ணம் மனத்தில் ஊறியிருப்பதால், எண்ணெய் தேய்த்தால் சரியாகும், ஒத்தடம் கொடுத்தால் சரியாகும், பொழுது விடியட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்போர் பலர். மூட்டுவலிக்குக் காத்திருக்கலாம், மூளையின் அடைப்புக்குக் காத்திருத்தல் கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்தின் பயன் 1995இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வால் நிலைநாட்டப்பட்டது. அப்பொழுது அதற்கு விதித்த எல்லை 3 மணி நேரம். 2008இல் ஐரோப்பாவில் வெளியான ஆய்வு அவ்வெல்லையை 4½ மணி நேரமாக நீட்டிற்று. பெரிய குழாய் அடைபட்டவர்களுள் சிலர்க்கு, குழாயினுள் கருவி செலுத்தி அடைப்பை வெளியே எடுக்கும் முறை 24 மணி நேரம் வரையிலும் பயன்படுகின்றது. எனினும் காலம் செல்லச் செல்லப் பயன் குறையும். பெரிய குழாய் அடைபட்டுச் சிகிச்சை இன்றி விடப்பட்டால், ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் ஒரு கணக்கு வெளிவந்தது. பொழுது விடிவதற்குள் எத்துணை அழியும் என்பதை நேயர்களே எண்ணிக் கொள்ளலாம்.

ஆகவே, நோயை அறியும் வழியைச் சொல்லைக் கொண்டு அன்றிக் குறியைக் கொண்டு கற்றல் வேண்டும். சிரிக்கச் சொன்னால் முகம் ஒருபுறம் கோணுகின்றதா? இரு கைகளையும் நீட்டச் சொன்னால் ஒன்று தாழ்கின்றதா? எளிய தொடர் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நாக்குழறுகின்றதா? இம்மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினும் உடனே புறப்படுதல் வேண்டும். குறிகள் சில நிமிடங்களில் மறைந்துவிட்டாலும், 'வாயுதான், போய்விட்டது' என்று அமர்ந்துவிடலாகாது. பின்வரும் பெரிய தாக்குதலுக்கு அது முன்னறிவிப்பாக இருத்தல் கூடும். முகம் மட்டும் கோணுவது வேறொரு நரம்புக் கோளாறாகவும் இருக்கலாம். அதனை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே அன்றி நாம் அல்லோம்.

நாடெங்கும் 112 என்னும் அவசர எண்ணும், பல மாநிலங்களில் 108 என்னும் எண்ணும் உதவிக்கு உள்ளன. மூளையைப் படமெடுத்துப் பார்க்கும் வசதி உள்ள மருத்துவமனையையே நாடுதல் வேண்டும். அடைப்பா, கசிவா என்பதைப் படம் ஒன்றே காட்டும். அடைப்புக்கு ஏற்ற மருந்து கசிவுக்கு நஞ்சாகும். ஆதலின், வீட்டில் நாமாக எந்த மாத்திரையும் கொடுத்தல் தகாது. விழுங்கும் ஆற்றல் கெட்டிருக்கக்கூடும் என்பதால் தண்ணீர், பால், காப்பி எதுவும் புகட்டலாகாது.

அங்கே சென்றதும் சொல்ல வேண்டியது நோயின் பெயர் அன்று. எந்தப் பக்கம், எந்த நேரம் முதல் என்னும் இரண்டையுமே முதலிற் சொல்லுதல் வேண்டும். அவர் நலமாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்த நேரம் எது என்று மருத்துவர் கேட்பார். அதனைக் குறித்துக்கொண்டு செல்லுதல் நன்று. இந்தி வழங்கும் இடங்களில் 'ஏக் தரஃப் கா ஹாத் பைர் நஹீ சல் ரஹா' என்று சொன்னால் போதும். ஒரு பக்கத்துக் கையும் காலும் இயங்கவில்லை என்பது அதன் பொருள். வாதம், வாயு, லக்வா என்னும் குழப்பம் யாதும் அதில் இல்லை.

பிற மாநிலத் தமிழர்கள் சிறப்பாகக் கருத வேண்டிய செய்தி இன்னும் ஒன்று உண்டு. பெரும்பாலோர்க்குப் பேச்சின் இருப்பிடம் மூளையின் இடப்பாதி. இதற்கு அடிகோலியது பிரெஞ்சு நாட்டுப் புரோக்கா 1861இல் வெளியிட்ட ஆராய்ச்சி. ஆதலின், வலப்பக்கம் விழுந்தோர் பலர் பேச்சையும் இழக்கின்றனர். இரண்டு, மூன்று மொழிகள் அறிந்த ஒருவர் பேச்சை இழந்து மீண்டும் பெறும்பொழுது எந்த மொழி முன்னே வரும்? இளமையிற் கற்றதே முன்னே நிற்கும் என்பது ரிபோ என்னும் பிரெஞ்சு அறிஞரின் கொள்கையைத் தழுவிய கருத்து. நோய்க்கு முன் மிகுதியாகப் பழகிய மொழியே முன்னே வரும் என்று 1895இல் பித்ர் என்னும் மருத்துவர் எழுதினார். பின்னர் ஆராய்ந்தோர் இரண்டிற்கும் சான்று கண்டனர். எல்லா மொழிகளும் ஒருங்கே மீள்வதும் உண்டு. எனவே, நாற்பது ஆண்டு கல்கத்தாவில் அலுவல் பார்த்து வங்காளியிலும் ஆங்கிலத்திலும் திறம்படப் பேசியவர், நோய்க்குப் பின் தமிழ் மட்டுமே பேசக்கூடும். தமிழை இழந்து ஆங்கிலம் மட்டுமே பேசவும் கூடும். இதனைக் கண்டு அவர் அறிவு மயங்கிவிட்டார் என்று வீட்டார் அஞ்ச வேண்டுவதில்லை.

இதனினின்று இரு கடமைகள் நமக்குப் பிறக்கின்றன. மருத்துவர் இந்தியில் வினவ, தமிழ் மட்டும் அறிந்த பாட்டி விடை கூறாமல் இருந்தால், அது நோயின் குறியா, மொழி அறியாமையா என்பது மருத்துவருக்கு விளங்காது. 'இவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும்' என்பதை நாம் முதலிலேயே கூறிவிடுதல் வேண்டும். அவர் கேட்கும் வினாக்களைத் தமிழிற் பெயர்த்து, விடை குழறலாக வந்தால் குழறலாகவே தெரிவித்தல் வேண்டும். திருத்தி உரைப்பது மொழிபெயர்ப்பில் நயமாக இருக்கலாம். இங்கு அது கேடு செய்யும். பேச்சுப் பயிற்சி தொடங்கும்பொழுது, நோயாளி அறிந்த மொழிகள் யாவை, வீட்டில் அன்றாடம் வழங்கியது எது என்பவற்றைப் பயிற்சியாளருக்குத் தெரிவித்து, வீட்டு மொழியிலும் அவரோடு இடைவிடாது பேசி வருதல் இரண்டாவது கடமை.

பக்கவாதம் என்னும் பெயர் காரணத்தைத் தவறாகக் கூறுகின்றது என்றால், அதனை விட்டுவிடலாமா என்று சிலர் வினவக்கூடும். விட வேண்டுவதில்லை. 'மலேரியா' என்னும் இத்தாலியச் சொல்லுக்குக் கெட்ட காற்று என்பது பொருள். 1897இல் செகந்திராபாதில் ரொனால்ட் ராஸ், அந்நோயின் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். காற்று குற்றமற்றது என்று தெளிந்த பின்னும் உலகம் அப்பெயரை மாற்றவில்லை. போலியோவைத் தமிழில் இளம்பிள்ளை வாதம் என்கிறோம். அதற்குக் காரணம் ஒரு வைரஸ் என்று அறிந்த பின்னும் பெயர் நிலைத்தது. பெயரில் காற்று இருந்தும், நாம் சொட்டு மருந்தையே புகட்டினோம். 2011ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் மேற்கு வங்காளத்து ஹவுராவில் நோயுற்ற ஒரு குழந்தையோடு இயற்கைப் போலியோக் கிருமியால் விளைந்த அந்நோய் நம் நாட்டில் முடிவுற்றது. 2014ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றும் கிடைத்தது. பெயர் பழையதாக இருக்கலாம்; செய்யும் செயல் புதிய அறிவைத் தழுவியதாக இருத்தல் வேண்டும்.

பக்கவாதத்திற்கும் இதுவே முறை. பக்கம் என்னும் முன்பகுதி இன்றும் மெய்யே. நோய் எதிர்ப்பக்கத்து மூளையில் உள்ளது என்பதை மட்டும் அதனோடு சேர்த்து நினைவிற் கொள்ள வேண்டும். வாதம் என்னும் பின்பகுதியை முன்னோர் விட்டுச் சென்ற நினைவுச் சின்னமாகக் கொள்ளலாம். சிகிச்சைக்கு வழிகாட்டியாகக் கொள்ளலாகாது. அவசர வேளையில் நம் கையைப் பிடித்து விரைவுபடுத்த வேண்டிய பொருள், அண்டை மொழியினர் கூறும் 'ஆகாதம்' என்பதில் உள்ளது. அடிபட்டவனை நாம் எண்ணெய் தேய்த்து உறங்க வைப்பதில்லை, தூக்கிக்கொண்டு ஓடுகின்றோம். வீட்டில் முதியோர் உள்ள ஒவ்வொருவரும், தாம் வாழும் மாநிலத்தில் இந்நோய்க்கு வழங்கும் பெயரையும், உரிய சிகிச்சை தரும் மருத்துவமனை எது என்பதையும் இன்றே கேட்டறிந்து, பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்பது நன்று.